பரிசோதனைச் சீட்டில் ஏன் காரணம் இல்லை?

இ55.9 என்றால் என்ன என்று எங்கள் அலுவலகத்தில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வைட்டமின் டி குறைபாடு, வகை குறிப்பிடப்படாதது. அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் சுமார் 70,000 குறியீடுகள் இருக்கின்றன. அவற்றில் எங்கள் விரல்கள் ஓயாமல் தட்டுகிற சிலவற்றில் இதுவும் ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் பெரும்பாலும் இது வந்து உட்கார்ந்திருக்கும்.

நான் மெடிக்கல் கோடிங் துறையில் ஆடிட்டர். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவள். வேலை பழைய மகாபலிபுரம் சாலையில். ஊரில் இன்னமும் ‘புள்ள கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதுதா’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். திருத்திப் பார்த்துச் சலித்துவிட்டேன். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்க்கிறார். டாக்டர் குறிப்பு எழுதுகிறார். அந்தக் குறிப்பு இங்கே வருகிறது. பெருங்குடியிலோ தரமணியிலோ கோயம்புத்தூரிலோ ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் நர்சிங், பிசியோதெரபி, விலங்கியல் பட்டதாரி ஒருவர் அதைப் படித்து, டாக்டர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு குறியீடும், ஏன் செய்தார் என்பதற்கு ஒரு குறியீடும் போடுகிறார். இரண்டும் பொருந்தினால்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். பொருந்தாவிட்டால் ‘டினையல்’. அவ்வளவுதான் எங்கள் தொழில்.

இந்த ‘ஏன்’ என்ற பகுதியைப் பற்றித்தான் எழுத வேண்டும். கடல் தாண்டி இருக்கிற, முகம் தெரியாத ஒருவருடைய ரத்தப் பரிசோதனைக்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இங்கே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். என் வீட்டு மனிதர்களின் பரிசோதனைச் சீட்டில் அந்தக் காரணத்தைத் தேடினால் கிடைப்பதில்லை. அதைக் கேட்கிற ஆளும் இல்லை.

முதலில் எங்கள் மேஜையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நோயாளியின் விவரம் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று ஹிப்பா சட்டம் இருக்கிறது. தளத்துக்குள் செல்போனே கொண்டுபோக முடியாது. அதனால் நான் சொல்வது யாரோ ஒருவருடைய சார்ட் இல்லை, நூறு சார்ட்டுகளில் வருகிற மாதிரி ஒன்று.

ஐம்பத்தெட்டு வயதுப் பெண். சோர்வாக இருக்கிறது என்று வருகிறார். டாக்டர் எழுதுகிறார்: ‘சோர்வு. வைட்டமின் டி குறைபாடு இருக்கலாம், பார்க்க வேண்டும்.’ 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி பரிசோதனைக்கு எழுதுகிறார். அதன் குறியீடு 82306. வேலைக்குப் புதிதாக வந்த பெண் இதைப் பார்த்ததும் இ55.9 போட்டுவிடுகிறாள். நான் எரர் போடுகிறேன். புறநோயாளி விஷயத்தில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’, ‘இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும்’ என்று டாக்டர் எழுதியதை நோயாகக் குறியிடக் கூடாது என்பது விதி. உறுதியாகத் தெரிந்தது சோர்வு ஒன்றுதான். எனவே ஆர்53.83.

“மேம், லேப் ரிப்போர்ட்டும் இதே சார்ட்லதான் இருக்கு. 17-னு வந்திருக்கு. கண்ணால பாக்குறேனே?”

“நீ பாத்தா போதாதும்மா. டாக்டர் பாத்து, இது குறைபாடுன்னு எழுதணும்.”

புதிதாக வருகிற எல்லாருக்கும் இந்த விதி அபத்தமாகத்தான் படும். இலக்கம் பளிச்சென்று தெரிகிறது, பக்கத்தில் குறைவு என்று கறுப்பாக அச்சாகியும் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் வருடங்கள் போகப் போக அந்த விதியில் இருக்கும் நியாயம் பிடிபடும். ஆய்வகம் தருவது ஓர் அளவு. அது இந்த மனிதருக்கு நோயா இல்லையா என்பது அவரைத் தொட்டுப் பார்த்த டாக்டரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லை. எங்கள் தொழிலில் முதல் நாள் வகுப்பில் சொல்லித்தருவதே இதுதான்: எழுதப்படாதது நடக்கவில்லை.

வைட்டமின் டி விஷயத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. எது குறைவு என்பதிலேயே பெரிய மருத்துவர்களிடம் ஒற்றுமை இல்லை. 2010 இறுதியில் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாருடைய எலும்புக்கும் அது போதும் என்றது. அடுத்த வருடமே, 2011-ல், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் எண்டோகிரைன் சொசைட்டி 20-க்குக் கீழே குறைபாடு, 21 முதல் 29 வரை பற்றாக்குறை, 30 இருந்தால்தான் நிறைவு என்று எழுதியது. உலகெங்கும் ஆய்வகங்கள் பிடித்துக்கொண்டது இந்த 30-ஐத்தான். கோட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினால் கோட்டுக்குக் கீழே வருகிறவர்கள் எத்தனை பேர் கூடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு 2024-ல் அதே சொசைட்டி, அந்த எல்லைகளை இனி நாங்கள் ஆதரிக்கவில்லை, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. 24 என்று அளவு வந்த ஒருவர் 2010-ல் நல்ல மனிதர், 2011-ல் பற்றாக்குறை உள்ளவர், 2024-ல் பரிசோதனையே தேவைப்படாதவர். இடையில் அவர் உடம்பில் ஒரு மாற்றமும் நிகழவில்லை.

நம் ஊர் ஆய்வக அறிக்கைகளில் இன்னும் அந்த 30 அப்படியே இருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் அமெரிக்க முறை ஏதோ சத்தியசந்தர்களின் முறை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே காரணம் எழுதுவது நோயாளிக்காக என்பதைவிடப் பணத்துக்காக. மூத்த குடிமக்களுக்கான மெடிகேர் காப்பீடு, சும்மா பார்த்துவைப்போம் என்று செய்கிற வைட்டமின் டி பரிசோதனைக்குப் பணம் தராது. நாள்பட்ட சிறுநீரக நோய், ஈரல் சுருக்கம், கால்சியம் ஏறியோ இறங்கியோ இருப்பது, எலும்பு மெலிதல், உணவுச் சத்து குடலில் சேராமை என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்று இருக்க வேண்டும். சோர்வு என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பட்டியலில் பல இடங்களில் இ55.9-உம் இருப்பதுதான் வேடிக்கை. குறைபாடு இருக்கிறது என்று எழுதினால் பணம் வரும், ஆனால் குறைபாடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தானே பரிசோதனை? அதனால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே இ55.9 என்று எழுதிவிடுகிற ஆசை சில டாக்டர்களுக்கு வரும். அதைப் பிடிப்பதும் எங்கள் வேலை. பணம் வராமல் போகலாம் என்று தெரிந்தால் நோயாளியிடம் முன்கூட்டியே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்: மெடிகேர் தராவிட்டால் நான் கட்டுகிறேன் என்று. இந்தப் படிவம் எனக்கு மிகவும் பிடிக்கும். இதற்கு உங்கள் காசு போகலாம், சம்மதமா என்று ரத்தம் எடுக்கும் முன்பே ஒருவரைக் கேட்டுவிடுகிறார்கள் பாருங்கள்.

இ55.9-க்குப் பெரிய பண மதிப்பு கிடையாது. அதே சத்துக்குறைவு அத்தியாயத்தில் நாலு வீடு தள்ளி இருக்கும் இ43, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, அப்படி இல்லை. உள்நோயாளிக்கு அதைச் சேர்த்தால் மருத்துவமனைக்கு வரும் தொகை எகிறும். அதையும் அதன் அண்டைக் குறியீடு ஒன்றையும் தவறாகப் போட்டு 2016, 2017 நிதியாண்டுகளில் மருத்துவமனைகள் மெடிகேரிடம் சுமார் 100 கோடி டாலர் கூடுதலாக வாங்கியிருக்கின்றன என்று அமெரிக்க சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் 2020-ல் கணக்குச் சொன்னது. காரணம் எழுதச் சொன்னால் பொய்க் காரணமும் எழுதுவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தப் பொய்யைப் பிடிக்க முடிந்ததே அது எழுத்தில் இருந்ததால்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. டாக்டர் ‘வைட்டமின் டி குறைபாடு, முன்பு இருந்தது’ என்கிற தொனியில் ‘ஹிஸ்டரி ஆஃப்’ என்று போட்டிருப்பார். கீழே மருந்துப் பட்டியலில் தினமும் டி3 மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். முன்பு இருந்து தீர்ந்துவிட்டதா, இன்னும் இருந்து மருந்தில் போகிறதா? ஒரு கோடர் இசட்86.39 என்று பழைய நோயாகப் போடுவார், இன்னொருவர் இ55.9 என்பார். மதியச் சாப்பாட்டைத் தாண்டி வாக்குவாதம் ஓடும். கடைசியில் டாக்டருக்கே ‘கொரி’, அதாவது விளக்கம் கேட்டு ஒரு கேள்வி, அனுப்ப வேண்டும். அதிலும் பதிலை நாமே வாயில் ஊட்டிவிடுகிற மாதிரி கேட்கக் கூடாது என்று விதி. அமெரிக்க டாக்டர்கள் இதையெல்லாம் சமாளிக்க நோயாளியைப் பார்க்கிற நேரத்தில் பாதியைக் கணினியைப் பார்த்துக் கழிக்கிறார்கள். போன வருடத்துக் குறிப்பை இந்த வருடத்துக்கு அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். எட்டுப் பக்கக் குறிப்பில் இன்றைக்கு என்ன நடந்தது என்பது ஒன்றரை வரியில் ஒளிந்திருக்கும். இந்தச் சுமையைத் தமிழ்நாட்டு டாக்டர்கள் தலையில் ஏற்றச் சொல்லி நான் வாதாட வரவில்லை.

எனக்கு வேண்டியது ஒரு வரி.

கோவில்பட்டியில் என் பெரியம்மா இருக்கிறார். எழுபது தாண்டியாகிவிட்டது. கால் வலிக்கிறது என்று திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். முழு உடல் பரிசோதனை சலுகை விலையில் போகிறது, எடுத்துவிடுங்கள் என்றிருக்கிறார்கள், எடுத்தார்கள். வைட்டமின் டி 19.4 என்று வந்தது. 60,000 யூனிட் கோலிகால்சிஃபெரால் (வைட்டமின் டி3) பாக்கெட் எட்டு எழுதிக்கொடுத்தார்கள். வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்பது வழக்கம். சீட்டில் மருந்தின் பெயரும் 1-0-0 என்பதும் 8 என்பதும் மட்டும்தான் இருந்தன. 1-0-0 என்றால் காலையில் ஒன்று என்று பெரியம்மாவுக்குத் தெரியும். பிரஷர் மாத்திரைக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறது. எனவே தினமும் காலையில் பாலில் கலக்கிக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன் தற்செயலாக மேஜையில் காலி பாக்கெட்டுகளைப் பார்த்து எனக்குப் போன் செய்தான்.

60,000 யூனிட் என்பது எடையில் ஒன்றரை மில்லிகிராம்தான். பார்த்தால் சீனித் தூள் மாதிரி இருக்கும், வாசனையும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பெரியவர் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தினமும் எடுத்துக்கொள்ளக்கூடிய மேல் எல்லை 4,000 யூனிட். தினமும் ஒரு பாக்கெட் என்றால் அதைப் போலப் பதினைந்து மடங்கு. இது கொழுப்பில் கரைந்து தங்கும் சத்து. அதிகமாகிவிட்டால் சிறுநீரில் போய்விடாது, மாதக்கணக்கில் உடம்பிலேயே இருக்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், தாகம், குழப்பம், கடைசியில் சிறுநீரகம் கெடும். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டவர்களையும், ஆறு லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டவர்களையும் இந்திய மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவுசெய்திருக்கிறார்கள். பெரியம்மா விஷயத்தில் சீக்கிரமே தெரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தச் சொல்லி, டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மாவின் பரிசோதனைக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். தொழில் புத்தி. வழவழத் தாளில், வண்ணத்தில், ஒவ்வொரு அளவுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டை போட்ட அறிக்கை. இதயத்துக்கு ஒரு பக்கம், ஈரலுக்கு ஒரு பக்கம், பின்னட்டையில் யோகா செய்யும் பெண். அதில் ஒரு பக்கத்திலும் பெரியம்மாவுக்கு என்ன செய்தது என்று இல்லை. கால் வலி என்ற சொல்லே இல்லை. எங்கே வலி, எத்தனை நாளாக, நடந்தால் வலியா உட்கார்ந்தால் வலியா, ஒன்றும் இல்லை. இந்தக் கோப்பு என் ஆடிட்டுக்கு வந்திருந்தால் குறியிட முடியாது என்று திருப்பியிருப்பேன்.

“எதுக்கு பெரியம்மா இந்த டெஸ்ட் எடுத்தாங்க?”

“எலும்பு தேஞ்சிருக்குன்னு சொன்னாருல்லா.”

“எக்ஸ்ரே எடுத்தாங்களா?”

“அதெல்லாம் இல்ல. ரத்தத்துலயே தெரியுமாம்லா.”

ரத்தத்தில் வைட்டமின் டி அளவு தெரியும். எலும்பு தேய்ந்திருப்பது தெரியாது. அதைவிட எனக்குத் திக்கென்றது வேறு விஷயம். பல வருடங்களுக்கு முன் பெரியம்மாவுக்குச் சிறுநீரகக் கல் எடுத்திருக்கிறார்கள். கல் வந்த உடம்புக்கு வைட்டமின் டியும் கால்சியமும் சேர்த்துக் கொடுப்பதென்றால் டாக்டர் ஒரு தடவை யோசிக்க வேண்டும். கொடுக்கவே கூடாது என்று இல்லை. யோசித்துக் கொடுக்க வேண்டும். பரிசோதனைச் சீட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்து, அதை நிரப்புவதற்காக யாராவது நிமிர்ந்து, “அம்மா, முன்னாடி என்னென்ன நோய் வந்திருக்கு?” என்று கேட்டிருந்தால் கல் கதை வெளியே வந்திருக்கும். பெரியம்மா அதை யார் கேட்டாலும் விஸ்தாரமாகச் சொல்லக் கூடியவர். யாரும் கேட்கவில்லை.

குறைபாடே கட்டுக்கதை, எல்லாம் வியாபாரம் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. அது நிஜமான நோய். குழந்தைகளுக்குக் கால் வளைகிற ரிக்கெட்ஸ் இன்னும் இருக்கிறது. எங்கள் பட்டியலில் அது இ55.0. பெரியவர்களுக்கு எலும்பு மிருதுவாகி, மாடிப்படி ஏற முடியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கிற ஆஸ்டியோமலேசியா எம்83. வெயில் காய்கிற ஊரில் இது எப்படி வரும் என்று நாம் சிரிக்கிறோம். திருப்பதி பகுதியில் நடந்த ஆய்வுகளில் கிராமத்தில் வெயிலில் வேலை செய்கிறவர்களிடமும் பலருக்கு அளவு குறைவாகவே இருந்தது. கறுப்புத் தோலுக்கு அதிக நேரம் வெயில் வேண்டும். உணவில் கால்சியமும் குறைவு. வலிப்புக்குப் பல வருடமாக ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர், சிறுநீரகம் பழுதானவர், குடல் அறுவை ஆனவர், வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற கைக்குழந்தை, இவர்களுக்கெல்லாம் அதைப் பற்றிக் கவலைப்பட நல்ல காரணம் இருக்கிறது. அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவு வரிசையில் நிற்கிற வலிப்பு நோயாளிக்கு இந்தப் பரிசோதனை தேவைப்படும் அளவுக்கு, எங்கள் அலுவலகத்தில் ஏசியில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்கிற முப்பது வயதுப் பையனுக்குத் தேவைப்படாது. ஆனால் பரிசோதனை யாரைத் தேடி வருகிறது? பையனைத்தான். அவன் கம்பெனி கார்டில் சலுகை இருக்கிறது.

காரணம் எழுத வேண்டும் என்று வந்தால் இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் தாளில் தெரிந்துவிடும். ‘ஃபெனிடாயின், பல வருடம்’ என்பது இரண்டு நொடியில் எழுதிவிடக்கூடிய காரணம். ‘பேக்கேஜில் இருந்தது’ என்று எந்த டாக்டரும் தன் கையால் எழுத மாட்டார்.

அறிகுறி இல்லாத பெரியவர்களை வைட்டமின் டி குறைபாட்டுக்காகச் சல்லடை போட்டுப் பார்ப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2014-ல் சொன்னது. 2021-ல் மறுபடி பார்த்துவிட்டு அதையே சொன்னது. வைட்டல் என்ற பெரிய ஆய்வில் 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் டி3 கொடுத்துப் பல வருடம் பார்த்தார்கள். குறைபாடு இருக்கிறதென்று பொறுக்கி எடுக்கப்படாத, பொதுவாக ஆரோக்கியமான நடுவயதுக்காரர்கள், முதியவர்கள். புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-ல் வெளியிட்டார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 2010 டிசம்பரிலேயே, இன்னின்ன நோய் இருந்தால் மட்டும்தான் அரசு இந்தப் பரிசோதனைக்குப் பணம் தரும் என்று கதவைச் சாத்தியது. ஆஸ்திரேலியா 2014 நவம்பரில் அதையே செய்தது.

இந்த எல்லா இடத்திலும் கதவைச் சாத்தியவர் ஒரே ஆள்தான்: பணம் கட்டுகிறவர். அங்கே அது அரசு அல்லது காப்பீடு. இங்கே டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிற நோயாளிக்குப் பணம் கட்டுவது யார்? அவரேதான். நம் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் கண்விழிக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் பெரிய சிகிச்சைகளுக்கானது. எனவே வெளிநோயாளிச் சீட்டை எந்த ஆடிட்டரும் பார்ப்பதில்லை, எந்த டினையலும் வருவதில்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கிறது, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரச் சொல்கிறது. வெளிநோயாளியின் ஆவணம் அவருடைய துணிப்பையில் இருக்கிறது. பணம் கட்டுகிறவரும் அவர், ஆவணக் காப்பாளரும் அவர், கேள்வி கேட்கும் உரிமையுள்ள ஒரே ஆளும் அவர். அவருக்கோ டாக்டரிடம் வாய் திறக்கப் பயம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு டாக்டர் தோழியிடம் இதைச் சொன்னேன். “ஒரு நாளைக்கு நூத்தைம்பது பேர் வர்ற எடத்துல வந்து ஒக்காந்து பாருடி, அப்புறம் காரணம் எழுதச் சொல்லு” என்றாள். நியாயம். ஆனால் அவள் எழுதுகிற இடத்தில் இந்தப் பரிசோதனையே கிடையாது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று கட்டணம் வாங்கி இதைச் செய்கிற இடங்களில் நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்பதில்லை. அங்கே வரவேற்பறையில் நம் முகவரி, மின்னஞ்சல், பிறந்த நாள், எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று அத்தனையும் கேட்டு நிரப்ப நேரம் இருக்கிறது. ‘எதற்காக’ என்ற ஒன்றுக்கு மட்டும் கட்டம் இல்லை.

ஆகவே என் கோரிக்கை ஆய்வகங்களிடமிருந்து தொடங்குகிறது. வைட்டமின் டி பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொரு சீட்டிலும் காரணம் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். அறிக்கையில் அளவுக்குப் பக்கத்தில் அந்த வரியும் அச்சாக வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ, குறியீடு எதுவும் வேண்டாம். அடுத்து, 60,000 யூனிட் எழுதுகிற எல்லாச் சீட்டிலும் ‘வாரம் ஒரு முறை’ என்று தமிழில், எழுத்தில். மருந்துக் கடைக்காரர் அதைப் பார்க்காமல் எட்டுப் பாக்கெட்டைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. பல மருத்துவமனைகளில் மருந்துச்சீட்டுத் தணிக்கை என்று ஒன்று ஏற்கெனவே நடக்கிறது. கையெழுத்து புரிகிறதா, மருந்தின் பொதுப்பெயர் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் காரணம் எழுதியிருக்கிறதா என்பதையும் சேர்க்கலாம். இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னையில் இருக்கிறார்கள். இப்போதைக்கு ஓஹையோவுக்கும் டெக்சாஸுக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் எல்லாருக்கும் ஓர் எண் வருகிறது, மெல்ல எல்லா ஆவணமும் கணினிக்குப் போகும். ஐசிடி என்ற நோய்க் குறியீடுகளைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் மின்னணு ஆவணத் தரநிலை 2016-லேயே சொல்லிவிட்டது. அது வரும்போது டாக்டர் முன்னால் ஒரு கீழ்விரிப் பட்டியல் வந்து நிற்கும். அவசரத்தில் விரல் எதைத் தொடும் என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்: ‘குறிப்பிடப்படாதது’ என்று முடிகிறவற்றைத்தான். சொந்த வாக்கியத்தில் ஒரு வரி எழுதும் பழக்கம் இப்போது வராவிட்டால், அப்போது பட்டியலில் இருந்து ஒன்றைத் தொடுவதே காரணம் என்றாகிவிடும். அமெரிக்க நோயை அமெரிக்காவின் ஒழுங்கு இல்லாமல் வாங்கிக்கொண்ட மாதிரி ஆகும்.

நோயாளிகளுக்கு ஒரு தந்திரம் சொல்கிறேன். டாக்டரிடம் ‘இது எதுக்கு?’ என்று கேட்டால் சிலருக்குச் சுருக்கென்று கோபம் வரும். “சார், இன்சூரன்ஸ்ல கேப்பாங்க, காரணத்தைச் சீட்டுலயே எழுதிக் குடுத்துடுங்க” என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் எழுதித் தருகிறார்கள். பெரியம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது கேட்டிருக்கிறார். இந்த முறை வேறு டாக்டர். எழுத உட்கார்ந்தவர் நிமிர்ந்து பழைய கதையைக் கேட்டு, சிறுநீரகக் கல் என்றதும் கால்சியம் அளவையும் பார்க்கச் சொல்லி, கால் வலிக்கு முழங்காலை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

பேக்கேஜ் விஷயத்துக்கு மட்டும் என்னிடம் தந்திரம் இல்லை. சமீபத்தில் எங்கள் அலுவலகத்திலேயே மனிதவளத் துறை ஒரு பரிசோதனை முகாம் வைத்தது. கேன்டீன் பக்கத்தில் திரைச்சீலை கட்டி, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கோடர்கள் வரிசையில் நின்றார்கள். இந்தப் பரிசோதனைக்கு இந்தக் காரணம் செல்லாது என்று காலை முழுக்க மற்றவர்கள் சார்ட்டைத் திருப்பி அனுப்பியவர்கள். ‘இசட்13.21, சத்துக்குறைவுக்கான சல்லடைச் சோதனை’ என்று ஒரு பையன் தன் கையிலேயே பேனாவால் எழுதிவைத்துக்கொண்டு எல்லாரையும் சிரிக்கவைத்தான். என் முறை வந்தபோது, வைட்டமின் டியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் தம்பி என்றேன்.

“எடுத்தாலும் அதே ரேட்டுதான் மேம்.”

“பரவாயில்ல, எடுத்துருங்க.”

அவன் டேப்லெட்டில் எதையோ தட்டினான். நகரவில்லை. மறுபடி தட்டினான். பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். பரிசோதனையை நீக்குவதற்கான காரணத்தை உள்ளிடவும் என்று ஒரு கட்டம், பக்கத்தில் கட்டாயம் என்பதற்கான சிவப்பு நட்சத்திரம். சேர்க்கும்போது அப்படி எதுவும் கேட்கவில்லையே என்றேன்; ஆமாம் மேம், கேட்காது என்றான். ‘மருத்துவத் தேவை இல்லை’ என்று தட்டிக் கொடுத்தேன்.